ஆர் 18 கராஜ் கதவு: ஹூஸ்டன் புழுக்கத்துக்கு இது தேவையா?

2024 மே 28, மாலை 6.15 (கேள்வி)

ஹூஸ்டன் புறநகர் சைப்ரஸ் பக்கம் வீடு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கராஜ் மேற்குப் பார்த்தது. பில்டர் போட்ட கதவு வெறும் தகடு, பதினாறுக்கு ஏழு அடி. மதியம் மூன்று மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. கதவு விற்பவர் வந்து பார்த்துவிட்டு ஆர் 18 இன்சுலேஷன் கதவு போடச் சொல்கிறார். கராஜில் 20 டிகிரி குறையும், வீட்டு ஏசி பில் பாதியாகும் என்கிறார். ஆர் 9 கதவைவிட 900 டாலர் கூடுதல். கறுப்பு எடுத்தால் வீட்டுக்கு எடுப்பாக இருக்கும் என்று மனைவிக்கு ஆசை. போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 மே 28, இரவு 9.40

ஏசி பில் பாதியாகாது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு உடனே மாறும்.

நான் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற புறநகரில் இருக்கிறேன். இதே மேற்கு, இதே அளவு, நிறம் மட்டும் கரும்பழுப்பு. வேலை கெமிக்கல் பிளாண்டில், குழாய்களுக்குச் சுற்றியிருக்கும் இன்சுலேஷனைச் சோதிப்பது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கு வாய் உண்டு. என் வீட்டில் நான் செய்ததெல்லாம் தப்பு என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு. எண் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் வெப்பம் பாதியாகும், அவ்வளவுதான். ஆனால் எதில் பாதி என்று பார்க்க வேண்டும். வெறும் தகட்டை ஆர் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் 9 போட்டதுமே வெப்பத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கு நின்றுவிடும். ஆர் 18 போட்டால் மிச்சம் இருக்கும் அந்த ஒரு பங்கில் பாதிதான் குறையும். அந்த அரைப் பங்குக்குத்தான் 900 டாலர்.

வாங்காதீர்கள். ஆர் 9 போதும். கறுப்பைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

2024 மே 29, காலை 5.50

பிளாண்ட் பஸ்ஸில் இருந்து. எண்ணாகச் சொன்னால்தான் உறைக்கும்.

கதவின் பரப்பு 16 பெருக்கல் 7, 112 சதுர அடி. மாலை ஐந்து மணிக்கு என் கரும்பழுப்புக் கதவின் வெளிப்பக்கம் வெப்பமானித் துப்பாக்கியில் 145 டிகிரி காட்டும். எல்லாம் ஃபாரன்ஹீட்தான், ஊரில் இருந்து படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். உள்ளே காற்று 95 என்றால் வித்தியாசம் 50. வெறும் தகடு வழியாக மணிக்கு 5,600 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) உள்ளே வரும், கிட்டத்தட்ட அரை டன் ஏசிக்கு உண்டான வேலை. ஆர் 9 என்றால் 600 சொச்சம், ஆர் 18 என்றால் 300 சொச்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 90 வாட் அளவு.

ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் உடம்பிலிருந்து வெளிவரும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். 900 டாலர் கொடுத்து கராஜிலிருந்து ஒரு ஆளை வெளியே அனுப்புகிறீர்கள். அதை நான் சும்மாவே செய்து தருவேன்.

2024 மே 29, இரவு 10.05

காலையில் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. விற்பனையாளர் சொல்லும் அதே பொய்யை நானும் சொல்லிவிட்டேன்.

ஆர் 18 என்பது கதவுப் பலகையின் நடுவில் ஒரு துண்டுக்கான எண். முழுக் கதவு அது இல்லை. பலகைக்குப் பலகை மூட்டு இருக்கிறது, ஓரங்களில் இரும்பு இருக்கிறது, சுற்றிலும் ரப்பர், அடியில் தரை. முழுக் கதவையும் சட்டத்தில் மாட்டிச் சோதிக்க கராஜ் கதவுத் தயாரிப்பாளர் சங்கத்தின் டாஸ்மா 105 என்று ஒரு முறை இருக்கிறது. அதில் வருவது யூ எண், வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்ற அளவு. 1ஐ அதால் வகுத்தால் முழுக் கதவின் ஆர். பல கதவுகளில் அது விளம்பர ஆர் எண்ணில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், உயர்ந்த எண்ணுள்ள கதவுகள்தான் அதிகமாக இறங்கும். ஓரத்தில் ஒழுகுவது எல்லாக் கதவிலும் ஏறக்குறைய ஒன்றுதானே. ஆகவே 9க்கும் 18க்கும் இடையே நான் கணக்குப் போட்ட 90 வாட்டும் முழுசாக இருக்காது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: "முழுக் கதவைச் சோதித்த யூ எண் என்ன?" தெரியாது என்றால் அந்த ஆர் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

2024 ஜூன் 2

சரி, என் தப்புகள்.

இரண்டு கோடைக்கு முன்னால் பெரிய கடை ஒன்றில் கதவுக்கு ஒட்டும் கிட் வாங்கினேன். தெர்மாகோல் பலகை, ஒரு பக்கம் வெள்ளித் தாள். அளந்து வெட்டி ஒவ்வொரு பலகையின் குழிக்குள்ளும் செருக வேண்டும். சனிக்கிழமை முழுக்க வேலை. தெர்மாகோல் தூள் மூக்கில் இருந்து மூன்று நாள் வந்தது.

முதல் தப்பு: வெள்ளிப் பக்கம் பளபளவென்று இருக்கிறது, வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று நினைத்து அதைக் கதவுத் தகட்டோடு ஒட்டி வைத்தேன். வெள்ளித் தாள் வேலை செய்ய அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அது வெறும் அலுமினியம், சூட்டை அப்படியே கடத்தும். கராஜைப் பார்த்து இருந்திருக்க வேண்டும். பிளாண்டில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் நடத்துகிற முதல் பாடமே இது. என் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை, இந்தப் பக்கத்தை அவள் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.

இரண்டாவது தப்பு ஸ்பிரிங். கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை, மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்தான். அந்தக் கதவின் எடைக்கு அளந்து முறுக்கியிருப்பார்கள். வெறும் தகட்டுக் கதவு சுமார் 150 பவுண்டு. கிட் அதில் 15, 20 பவுண்டைச் சேர்த்துவிட்டது. ஏழு மாதம் கழித்து விடிகாலை மூன்று மணிக்குத் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டோம். டெக்சாஸ் ஆயிற்றே, நான் முதலில் தரையில் படுத்தேன். ஸ்பிரிங் இரண்டு துண்டு.

சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை ஆயுள் என்பார்கள். ஒரு நாளில் நாலு முறை திறந்தால் ஏழு வருடம் வராது. என்னுடையது எப்படியும் சாகப் போகிற வயதுதான், கிட் கொஞ்சம் அவசரப்படுத்தியிருக்கும். தகடு, நுரை, தகடு என்று மூன்றடுக்குக் கதவு போட்டால் எடை 200ஐத் தாண்டலாம். பழைய ஸ்பிரிங்கிலேயே மாட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். நீங்களே முறுக்கப் பார்க்காதீர்கள். கை போய்விடும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2024 ஜூன் 2, கொஞ்சம் கழித்து

கறுப்பு. வேண்டாம்.

2024 ஜூன் 9

"கறுப்பு ஏன் வேண்டாம், ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று எங்கள் தெருவில் துப்பாக்கியோடு நடந்தேன். வெப்பமானித் துப்பாக்கிதான். மாலை 5.20, எல்லாமே மேற்குப் பார்த்த கதவுகள். வெள்ளை 116. மணல் நிறம் 127. என் கரும்பழுப்பு 146. முனை வீட்டுக் கறுப்பு 159. அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவரே வாங்கி நாலு இடத்தில் சுட்டுப் பார்த்தார்.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் 43 டிகிரி. காற்று 95 என்றால் வெள்ளைக் கதவுக்கு வித்தியாசம் 21, கறுப்புக்கு 64. மூன்று மடங்கு. ஆர் 9ல் இருந்து 18க்குப் போய் வாங்கும் லாபத்தைவிட நிறத்தில் நீங்கள் இழப்பது அதிகம்.

அதோடு மூன்றடுக்குக் கதவில் வெளித் தகடு 159, உள் தகடு 95 என்றால் வெளித் தகடு நீளும், உள் தகடு நீளாது. நடுவில் நுரை இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பதினாறு அடி அகலத்தில் கதவு வெளிப்பக்கமாக வில் மாதிரி வளையும். நல்ல இன்சுலேஷன் என்றால் வளைவும் அதிகம், இதுதான் வேடிக்கை. வெளிர் நிறக் கதவு வாங்கிக் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாமே என்று நினைத்தால் வாரன்டி தாளைப் படித்துவிட்டு அடியுங்கள்.

2024 ஜூன் 10

என் மாமியார் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள விரும்புகிறார். அவர் கருத்து: கதவுக்கு எதையும் ஒட்டாத வருடம்தான் வடகம் காய்ந்தது.

சிரித்தேன். பிறகு யோசித்தேன். அவர் சொல்வது சரி. இதைத் தனியாக எழுத வேண்டும்.

2024 ஜூன் 23

தூத்துக்குடியில் பிறந்தவனுக்குப் புழுக்கம் புதிதில்லை. ஆனாலும் இந்த ஊர்ப் புழுக்கத்தைக் கதவுக் கணக்கில் சேர்க்க எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

ஹூஸ்டன் கோடையில் ட்யூ பாயிண்ட் 75 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதாவது 75க்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகப் படியும். பகலானாலும் இரவானாலும் காற்றில் இருக்கும் தண்ணீரின் அளவு பெரிதாக மாறாது. மாறுவது சூடுதான். அதே காற்று கராஜுக்குள் 105 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே. 90 என்றால் 60க்கு மேல். 80 என்றால் 85 சதவீதம்.

புரிகிறதா? அடுப்பு மாதிரி கொதித்த என் பழைய கராஜ் காய்ந்த கராஜ். மாமியார் பிங்பாங் மேசையில் பிளாஸ்டிக் விரித்துப் பிழிந்த கூழ் வடகம் இரண்டே நாளில் டப்பாவுக்குள் போனது. கிட் ஒட்டிய பிறகு கராஜ் கொஞ்சம் இதமானது, வடகம் நாலு நாள் ஆகியும் வளைந்தது, ஐந்தாம் நாள் புளித்தது. அவரைப் பொறுத்தவரை நான் 200 டாலர் செலவழித்து வடகத்தைக் கெடுத்தவன்.

வடகம் போனால் போகட்டும். கொலுப் பொம்மைகள்தான் வலித்தது. போன கோடையில் வாரம் இரண்டு நாள் கராஜில் உட்கார்ந்து மரவேலை செய்யலாம் என்று ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசி வாங்கி வைத்தேன். அந்த ஏசி உள்ளே இருக்கும் காற்றையே எடுத்து, சூடாக்கிக் குழாய் வழியாக வெளியே தள்ளும். வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டுமே. கதவோரத்து இடுக்கு வழியாக வந்தது, முழு ஈரத்தோடு. நான் பகலில் 74க்குக் குளிரவைத்துவிட்டு மாலையில் அணைத்துவிட்டுப் போய்விடுவேன். செப்டம்பர் கடைசியில் கராஜில் வைத்திருந்த கொலுப் பெட்டியைத் திறந்தால் காகிதக்கூழ் தசாவதாரம் செட்டில் வராகத்துக்கு மூக்கின் மேல் சாம்பல் பூத்திருந்தது. நரசிம்மருக்குப் பிடரி முழுக்கப் பூஞ்சை. மண் பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே கராஜை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வண்டி நிறுத்த, பழைய பிரிட்ஜ் வைக்க, மீன் பொரிக்க மட்டும் என்றால் இன்சுலேஷன் கொஞ்சம், காற்றோட்டம் நிறைய. உள்ளே உட்கார்ந்து வேலை என்றால் நிரந்தரமாக ஓடும் மினி ஸ்பிளிட் (சுவரில் மாட்டும் ஏசி) அல்லது ஈரத்தை இழுக்கும் ஒரு டீஹியூமிடிஃபையர், இடுக்குகளை எல்லாம் அடைத்த பிறகு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கராஜில்தான் பூஞ்சை வரும்.

2024 ஜூன் 24

ரப்பரைப் பற்றிச் சொல்ல மறந்தேன். கராஜுக்குள் நின்று பகலில் கதவை மூடி விளக்கை அணையுங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் ஈரக் காற்று வருகிறது. அடியில் யு வடிவ ரப்பர், பக்கங்களிலும் மேலேயும் நாக்கு வைத்த வினைல் பட்டை. எல்லாம் மாற்ற நூறு டாலருக்குள் முடியும். ஆர் 18ஐ வாங்கிவிட்டுப் பழைய ரப்பரோடு வாழ்பவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

2024 ஜூலை 14

ஆறு நாள் கரண்ட் இல்லை. இன்று காலைதான் வந்தது.

பெரில் புயல் 8ஆம் தேதி விடிகாலை டெக்சாஸ் கடற்கரையில் மட்டகோர்டா பக்கம் கரையேறியது. முதல் வகைப் புயல்தானே என்று எல்லோரும் அலட்சியமாக இருந்தோம். ஹூஸ்டனில் காற்று மணிக்கு 80 மைலைத் தாண்டியது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. மே 16 சூறைக்காற்றுக்குப் பிறகு இது இரண்டாவது அடி.

கதவுக் கதைக்கு வருகிறேன். மோட்டாருக்குக் கரண்ட் இல்லை, கதவை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்க வேண்டும். சரியாக முறுக்கிய ஸ்பிரிங் என்றால் பாதியில் விட்டாலும் கதவு அப்படியே நிற்க வேண்டும். என்னுடையது பாதியில் விட்டதும் கில்லட்டின் மாதிரி இறங்கியது. ஸ்பிரிங் மாற்றியவர் கிட்டின் எடையைக் கணக்கில் எடுக்கவில்லை போலிருக்கிறது. மோட்டார் இருந்தவரை அது இழுத்துச் சமாளித்தது, எனக்குத் தெரியவே இல்லை. எல்லோரும் ஒரு தடவை, கதவு மூடியிருக்கும்போது, கயிற்றை இழுத்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு துணை இருக்கட்டும்.

ஜெனரேட்டரை மழை படாமல் கராஜுக்குள் வைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும் என்று யாரும் நினைக்காதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். வெளியே, வீட்டிலிருந்து தள்ளி.

இன்னொன்று: பக்கத்து வீட்டு ஓக் கிளை முறிந்து என் கதவின் கீழ் இரண்டு பலகைகளை மடக்கிவிட்டது. உங்களுக்கு "வாங்காதீர்கள்" என்று எழுதிய நான் இப்போது கதவு வாங்க வேண்டும்.

2024 ஜூலை 16

மடங்கிய பலகையைக் கழற்றினேன். தெர்மாகோலுக்குப் பின்னால் அடிப்பலகை முழுக்கத் துரு, விரலால் அழுத்தினால் உதிர்கிறது. ஓரத்தில் புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பிளாண்டில் இன்சுலேஷனுக்கு அடியில் பிடிக்கும் துருவைத் தேடுவதுதான் என் பிழைப்பு. அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்.

2024 ஜூலை 21

காற்றுத் தாங்கும் சான்றைப் பற்றி. இரண்டு மாதமாக ஆர், ஆர் என்று எழுதிக்கொண்டிருந்தேனே, முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது பல வீடுகளில் முதலில் போனது கராஜ் கதவு. கதவு உள்ளே மடங்கியதும் காற்று வீட்டுக்குள் புகுந்து ஊதுகிறது, மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். மயாமி டேட், ப்ரோவர்ட் இரண்டு கவுண்டிகளிலும் இன்று கதவுக்குக் கடுமையான விதி இருப்பது அந்த அனுபவத்தால்தான்.

டெக்சாஸில் கடலோரம் 14 கவுண்டிகளிலும், ஹாரிஸ் கவுண்டியில் 146ஆம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள பகுதியிலும் மாநிலக் காப்பீட்டுத் துறையின் டபிள்யூபிஐ 8 சான்று என்று ஒன்று உண்டு. கால்வெஸ்டன்காரர்கள் அது இல்லாமல் கதவு மாற்றினால் புயல் காப்பீட்டில் சிக்கல் வரும். கேட்டிக்கும் சைப்ரஸுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்ற காற்று எண் எழுதிய கதவுதான் எடுத்தேன். பின்பக்கம் குறுக்கே கூடுதல் இரும்புப் பட்டைகள் வரும், எடை ஏறும், ஸ்பிரிங் அதற்கேற்ப. மூன்றடுக்குக் கதவு கைக்கு விறைப்பாக இருக்கிறது என்பதால் காற்றைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். ஆர் எண்ணும் காற்று எண்ணும் தனித்தனி, இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். கடலோரம் என்றால் உப்புக் காற்று, உருளைகளும் கீல்களும் துருப்பிடிக்காத ரகமா என்றும் பாருங்கள்.

நிறம் வெள்ளை கேட்டேன். ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்), தெருவின் அழகுக்கு ஒத்துவராது என்றது. மூன்று கடிதம் போனது. கடைசியில் பாதாம் நிறத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பாதாமுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது இதுவே முதல் தடவை.

2024 ஆகஸ்ட் 25

புதுக் கதவு வந்து பத்து நாள். எஃகு, நுரை, எஃகு என்று மூன்றடுக்கு, ஆர் 9ஐ ஒட்டி, கண்ணாடி இல்லை. கண்ணாடி ஜன்னல் வைத்தது அழகாக இருந்தது, ஆனால் ஒற்றைக் கண்ணாடி போட்டால் அந்த இடத்தில் ஆர் கிட்டத்தட்ட 1க்கு வந்துவிடும். வேண்டாம் என்றேன்.

நேற்று மாலை 5.10: வெளிப்பக்கம் 121, உட்பக்கம் 97. பழைய கதவின் உட்பக்கம் 120ஐத் தொடும். கை வைத்து நிற்கலாம். கராஜ் காற்று? பழைய கதவில் 104, இப்போது 98. ஆறே டிகிரி.

எனக்கே ஏமாற்றமாக இருந்தது. ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் வெளியே 84, உள்ளே 93. முன்பு ராத்திரியில் தகடு வழியாகவே சூடு வெளியே போய்விடும். இப்போது வண்டி எஞ்சின் சூடும் தரை பிடித்த சூடும் வெளியே போக முடியாமல் கிடக்கின்றன. இரவில் கதவை ஆறு அங்குலம் தூக்கி வைக்கிறேன், எலி வராமல் இருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 26

துப்பாக்கியை மேலே பிடித்தேன். கூரைப் பலகை 117.

2024 ஆகஸ்ட் 27

கூரைப் பலகைக்கு மேல், அட்டிக்குக்குள் ஏறிப் பார்த்தேன். வீட்டுப் பகுதிக்கு மேல் பஞ்சு இன்சுலேஷன் முழங்கால் அளவு கிடக்கிறது. கராஜ் எல்லைக்கு வந்ததும் கத்தியால் வெட்டின மாதிரி நின்றுவிடுகிறது. அதற்கப்பால் வெறும் ஜிப்சம் பலகை. கராஜ் குளிரூட்டாத இடம், அங்கே போட வேண்டும் என்று கட்டாயமில்லை, பில்டர் போடவில்லை. மேலே காற்று 130.

கதவு 112 சதுர அடி. கராஜ் கூரை 420. கிட்டத்தட்ட நாலு மடங்கு. வெயில் கதவில் விழுவது மாலை மூன்று, நாலு மணி நேரம். கூரைக்கு நாள் முழுக்க. இதை மே 28ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். கண்ணுக்கு எதிரே தகதகவென்று கதவு இருந்ததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். வரிசை மட்டும் மாறுகிறது: முதலில் ரப்பர், அடுத்து கராஜ் கூரை, அடுத்து கதவின் நிறம், கடைசியில்தான் ஆர் எண். காற்று எண் இந்த வரிசையில் வராது, புயல் பாதையில் இருந்தால் அது இல்லாமல் வாங்கவே கூடாது.

2024 செப்டம்பர் 3

"கராஜுக்கு மேலே என் மகள் அறை இருக்கிறது, அது சொல்லவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அடப்பாவமே, அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா!

அப்படியென்றால் உங்கள் கணக்கே வேறு. என் வீட்டில் கராஜும் வீடும் தொடுவது இன்சுலேஷன் போட்ட ஒரே சுவர், அதனால்தான் ஏசி பில்லுக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துச் சொன்னேன். உங்களுக்கு அந்த அறையின் தரையே கராஜ் கூரை. அந்த இடைவெளியில் பஞ்சு தரையோடு ஒட்டி நிற்கிறதா, சரிந்து பலகை மேல் விழுந்து கிடக்கிறதா என்று ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். விழுந்திருந்தால் அறை மதியம் கொதிக்கும். கதவையும் மாற்றலாம், உங்களுக்குப் பலன் உண்டு. ஆர் 18 வேண்டுமா? இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் மே மாதம் சொன்ன அளவு சத்தமாக இல்லை.

2024 டிசம்பர் 15

கராஜ் கூரைப் பலகைக்கு மேல் ஆர் 30 பஞ்சு விரித்தேன். டிசம்பருக்காகக் காத்திருந்தேன், கோடையில் அங்கே ஏறுகிறவன் மனிதனில்லை. இரண்டு நாள், முழுக்கைச் சட்டை, முகமூடி. அப்படியும் கழுத்து அரிக்கிறது.

2025 ஜனவரி 21

வெளியே பனி. ஹூஸ்டனில்! பிள்ளைகள் குக்கர் மூடியில் சறுக்குகிறார்கள்.

நேற்றே கறிவேப்பிலைத் தொட்டி மூன்றையும், முருங்கை ஒன்றையும் கராஜுக்குள் இழுத்துவிட்டேன். 2021 பிப்ரவரிக் குளிரில் தகட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்த கறிவேப்பிலை தண்டோடு கருகியது. இன்று காலை வெளியே 27, உள்ளே 46. இலை ஒன்றுகூட வாடவில்லை. கோடைக்காக வாங்கிய கதவு முதல் மதிப்பெண் வாங்கியது பனியில்.

2025 மார்ச் 2

தரை வியர்க்கிறது. குளிர்ந்து கிடந்த சிமெண்ட் மேல் வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று வந்து படிகிறது, மாப் போட்ட மாதிரி இருக்கிறது. கதவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்படிப்பட்ட நாளில் காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்து வைத்தால் இன்னும் மோசமாகும், மூடி வையுங்கள். பொம்மைகள் இப்போது வீட்டுக்குள், மேல் அலமாரியில்.

2025 ஜூலை 27

நேற்று மாலை 5.15: வெளியே 97, கராஜ் 91, கூரைப் பலகை 93. கராஜ் காற்றில் கதவால் குறைந்தது ஆறு டிகிரி, கூரைப் பஞ்சால் ஏழு. கூரைக்கு ஆன செலவு கதவுக்கு ஆனதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈரப்பதம் 60ஐத் தொடுகிறது, ஒரு டீஹியூமிடிஃபையர் வைத்துக் குழாயைத் தொட்டிச் செடிக்கு விட்டிருக்கிறேன். மாமியார் வடகத்தை டிரைவ்வேயில் பழைய வண்டியின் டாஷ்போர்டில் காயவைக்கிறார். ஒன்றரை நாள்.

2025 ஆகஸ்ட் 10

கேள்வி கேட்டவர் ஒரு வருடம் கழித்து வந்திருக்கிறார். ஆர் 18 வாங்கிவிட்டாராம், கறுப்பு. "மாலை நாலு மணிக்குக் கதவு பாதியில் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்" என்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன்.

திறக்க மறுக்கிறதா, மூட மறுக்கிறதா? மூட மறுத்தால் அடியில் இருக்கும் சென்சார் கண்ணில் மேற்கு வெயில் அடிக்கலாம். ஒளியை வாங்கும் கண்ணையும் அனுப்பும் கண்ணையும் பக்கம் மாற்றினால் சரியாகும், என் வீட்டில் அப்படித்தான் செய்தேன். திறக்கும்போது மேல் பலகை உராய்ந்து நின்றால் அது ஜூன் 9 வளைவு. மேல் சட்டத்து ரப்பர்ப் பட்டையைக் கழற்றி ஒரு கால் அங்குலம் முன்னால் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். மோட்டாரின் இழுப்பு விசையைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் குழந்தை நின்றால்கூட நிற்காது.

மகள் அறை இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பட்டை மாற்றும் வரை நாலு மணிக்கு முன்னாலேயே வண்டியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.